ஹொலிவூட்டில் ஒரு பக்தாத்

1911 ஒக்டோபரில் டேவிட் ஹோர்ஸ்லி என்பவரின் நெஸ்டர் படக் கம்பனி கலிபோர்னியாவுக்கு வந்து, மூடிக்கிடந்த ஒரு தவறணையை வாடகைக்கு எடுத்தது. சன்செட் வீதியும் கோவர் வீதியும் சந்திக்கும் முனையில் இருந்த அந்தத் தவறணை வியாபாரம் படுத்து மூடப்பட்டதல்ல. ஊரில் மதுவைத் தடைசெய்துவிட்டார்கள், அதனால் மூடினார்கள். ஹொலிவூட் என்ற ஊருக்குள் அமைந்த முதலாவது திரைப்பட ஸ்டூடியோ அதுதான்.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது புதினமாக இருக்கும். ஹொலிவூட் என்றால் கூத்தும் குடியும் கட்டுப்பாடில்லாத வாழ்க்கையும் என்றுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஜும்ஆப் பிரசங்கங்களிலும் அந்தப் பெயர் வந்தால் அந்த அர்த்தத்தில்தான் வரும். ஆனால் அந்த ஊரைத் தோற்றுவித்தவர்கள் மார்க்கப் பற்றில் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல.

கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஹார்வி வில்கொக்ஸ் என்ற காணி வியாபாரி, அத்தியும் அப்ரிகொட்டும் விளைந்த தோட்ட நிலத்தை வாங்கி, 1887 பெப்ரவரியில் அதைக் காணித் துண்டுகளாகப் பிரித்து வரைபடம் பதிவுசெய்தார். ஊருக்குப் பெயர் வைத்தவர் அவருடைய மனைவி டயீடா. இருவரும் மதுவிலக்குக் கொள்கையில் உறுதியான கிறிஸ்தவர்கள். தேவாலயம் கட்ட முன்வந்தவர்களுக்குக் காணியை இனாமாகக் கொடுத்தார்கள். 1903இல் ஹொலிவூட் தனி நகர சபையானது. அடுத்த ஆண்டே, மருந்துக்காகத் தவிர வேறெதற்கும் மது விற்கக் கூடாதென்று வாக்களித்து முடிவுசெய்தார்கள். 1910இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரோடு இணைய அவர்கள் சம்மதித்ததற்கு முக்கிய காரணம் தண்ணீர்தான். சிறிய ஊரால் தன் தாகத்தைத் தானே தீர்க்க முடியவில்லை.

அப்படிப்பட்ட அமைதியான ஊருக்குள் படக்காரர்கள் வந்து இறங்கியபோது வந்த எதிர்ப்பை நம்மால் நன்றாகவே விளங்கிக்கொள்ள முடியும். நடிகர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க மறுத்தார்கள். தெருவில் துப்பாக்கிச் சத்தம், முகத்தில் பூச்சு, குதிரைகளின் ஓட்டம். பக்திமிக்க குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டன.

வந்தவர்கள் யார்?

படக்காரர்கள் கிழக்குக் கரையிலிருந்து ஏன் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதற்கு வெயில் ஒரு காரணம். அன்றைய பிலிம் சுருளுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், கலிபோர்னியாவில் ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். மலையும் கடலும் பாலைநிலமும் ஒரு நாள் பயணத்துக்குள் கிடைத்தன. இன்னொரு காரணம் தோமஸ் எடிசன். 1908 டிசெம்பரில் எடிசனும் வேறு சில கம்பனிகளும் சேர்ந்து காப்புரிமைக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, தங்கள் அனுமதி இல்லாமல் எவரும் கமெராவைத் தொடக் கூடாது என்றார்கள். மீறியவர்கள் மேல் வழக்குக்கு மேல் வழக்கு. வழக்குப் போட்டவர்கள் கிழக்குக் கரையில் இருந்தார்கள், தப்ப நினைத்தவர்கள் மேற்குக் கரைக்குப் போனார்கள். 1915இல் நீதிமன்றம் அந்தக் கூட்டமைப்பைச் சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தபோது சுதந்திரப் படக்காரர்கள் கலிபோர்னியாவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது அந்த மனிதர்களின் பூர்வீகம். யுனிவர்சலைத் தொடங்கிய கார்ல் லெம்லே ஜேர்மனியின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். பரமவுண்டைக் கட்டியெழுப்பிய அடொல்ஃப் சூகர் ஹங்கேரியில் அநாதையாக வளர்ந்து, அமெரிக்காவில் தோல்மயிர் வியாபாரம் செய்தவர். வில்லியம் ஃபொக்ஸும் ஹங்கேரியில் பிறந்தவர்தான். சாமுவேல் கோல்ட்வின் போலந்திலிருந்து வந்து கையுறை விற்றவர். லூயி மேயர் தகப்பனோடு பழைய இரும்பு சேர்த்தவர். எல்லோரும் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். வங்கியும் பெரிய தொழிற்சாலையும் அவர்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறக்காத காலம் அது. சினிமா அப்போது மதிப்பில்லாத புதுத் தொழில், ஐந்து சத டிக்கெட்டுக்கு ஏழைத் தொழிலாளிகள் பார்க்கிற காட்சி. மதிப்பில்லாததால் அதை யாரும் அவர்களிடமிருந்து தட்டிப் பறிக்கவில்லை.

மொழியும் மதமும் வேறான சிறுபான்மையினர், பெரும்பான்மையினரின் கனவுகளைத் தயாரித்து அவர்களுக்கே விற்றார்கள். அந்தக் கனவுகளுக்குள் தங்களுடைய சொந்த முகத்தை அவர்கள் அதிகம் வைக்கவில்லை. யூதக் குடும்பத்தின் கதையை நேராகச் சொன்ன படங்கள் இல்லாமலில்லை. 1927இல் வெளிவந்து பேசும்படக் காலத்தைத் தொடக்கிவைத்த 'த ஜாஸ் சிங்கர்' அப்படியொன்று. ஆனாலும் பொதுவாக ஹொலிவூட் காட்டிய அமெரிக்கா, அதன் முதலாளிகள் வளர்ந்த அமெரிக்கா அல்ல. சிறுபான்மையாக வாழ்கிற நாம் இதை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. பயத்தோடு வாழ்ந்தவர்களின் கணக்கு அது.

பாவத்தின் நகரம்

ஹொலிவூட்டுக்குக் கெட்ட பெயர் ஒரே இரவில் வந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1921 செப்டெம்பரில் ரொஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகர், அன்றைக்கு உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர், சான்பிரான்சிஸ்கோ ஹோட்டலில் வைத்த விருந்தில் கலந்துகொண்ட வேர்ஜினியா ரப்பே என்ற நடிகை சில நாட்களில் இறந்துபோனார். பத்திரிகைகள் விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதின. மூன்று முறை வழக்கு நடந்தது. மூன்றாவது ஜூரி 1922 ஏப்ரலில் அவரைக் குற்றமற்றவரென்று விடுவித்ததோடு நில்லாமல், அவருக்கு அநீதி நடந்ததென்று எழுதியும் கொடுத்தது. ஆறு நாட்களின் பின் அவருடைய படங்களைத் திரையிடத் தடைவந்தது. தடைசெய்தது நீதிமன்றம் அல்ல, படத் தொழிலே அவரைக் கைவிட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் என்ற இயக்குநர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தக் கொலையாளி இன்றுவரை பிடிபடவில்லை.

தொழிலைக் காப்பாற்ற முதலாளிகள் வில் ஹேஸ் என்பவரை அழைத்துவந்தார்கள். அவர் அமெரிக்காவின் தபால் அமைச்சராக இருந்தவர், தேவாலயத்தில் மூப்பர். 1930இல் ஒழுக்கக் கோவை ஒன்று எழுதப்பட்டது. எழுதியவர்களில் ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார். 1934 முதல் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. முத்தத்தின் அளவு, மதகுருமாரைக் காட்டும் விதம், குற்றவாளி தண்டனை பெறவேண்டிய கட்டாயம் எல்லாம் அதில் இருந்தன. நம் ஊர்களில் தியேட்டருக்கும் கசற்றுக் கடைக்கும் எதிராக எழுந்த விவாதங்களை நினைவில் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கோவையை வாசித்தால் பல வரிகள் பழக்கமானவையாக இருக்கும். சினிமாவைப் பார்த்து அஞ்சியதில் நாம் தனித்தவர்களில்லை.

ஆனால் அந்தக் கோவை பாதுகாத்த கௌரவம் யாருடையது என்பதில்தான் என் மனம் நிற்கிறது. மற்ற நாடுகளின் மக்களை நியாயமாகக் காட்டவேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அரபுக்காரரைப் பொறுத்தவரை அது ஏட்டிலேயே நின்றுவிட்டது.

ஷேக்கும் திருடனும்

1896இலேயே எடிசனின் கம்பனி ஃபாத்திமா என்ற மேடைப் பெயர் கொண்ட ஆடலழகியின் நடனத்தைச் சில விநாடிப் படமாக எடுத்தது. அதன் ஒரு பிரதியில் உடம்பை மறைக்க வெள்ளைக் கோடுகள் இழுத்துத் தணிக்கை செய்தார்கள். அமெரிக்கச் சினிமாவுக்குள் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் நுழைந்த முதல் வாசல்களில் ஒன்று அது.

கால்நூற்றாண்டு கழித்து, 1921இல், 'த ஷேக்' வந்தது. அரபுத் தலைவன் ஒருவன் ஆங்கிலப் பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறான், பிறகு அவள் அவனைக் காதலிக்கிறாள். இத்தாலியில் பிறந்த ருடொல்ஃப் வலண்டினோ தலைப்பாகை கட்டி, கண்ணை உருட்டி நடித்தார். பாலைவனத்துக்குக் கலிபோர்னியாவின் மணல்மேடுகள் போதுமாக இருந்தன. கதையின் முடிவில் ஓர் இரகசியம் உடைகிறது: அவன் அரபியே இல்லை. ஆங்கிலத் தகப்பனுக்கும் ஸ்பானியத் தாய்க்கும் பிறந்து, பாலைவனத்தில் வளர்ந்தவன். அரபியை ஒரு வெள்ளைப் பெண் மணப்பதாக அன்றைய அமெரிக்காவுக்குக் காட்ட முடியாது. முரட்டுத்தனமெல்லாம் அரபிக்கு, அதற்குள் மறைந்திருந்த நல்ல மனிதன் மட்டும் ஐரோப்பியன். 1926இல் வலண்டினோ 31 வயதில் இறந்தபோது நியூயோர்க் தெருக்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்டார்கள்.

இந்தக் கதையை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் நாட்டின் ஒரு நூல். கண்டி சித்திலெவ்வை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய கதை', இலங்கையின் முதல் தமிழ் நாவல். அதிலும் குழந்தையில் களவாடப்பட்ட ஒரு நாயகன் இருக்கிறான், அதிலும் பிறப்பின் இரகசியம் உடைகிறது. ஆனால் பம்பாயில் வளர்ந்த அந்த அசன், தான் எகிப்தின் உயர்குடியில் பிறந்த முஸ்லிம் என்று அறிந்துகொள்கிறான். வீரமும் நேர்மையும் அவனுக்கு அவன் குலத்திலிருந்தே வருகின்றன. 'த ஷேக்' படத்துக்கு 36 ஆண்டுகள் முன்பு, இந்தத் தீவில், தமிழில், அதே கதைமுடிச்சை ஒருவர் எதிர்த்திசையில் அவிழ்த்திருக்கிறார்.

சித்திலெவ்வைக்கு எகிப்து எங்கோ இருந்த கற்பனை தேசமில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தார். சித்திலெவ்வையோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்தார். எகிப்திய மனிதர் ஒருவரை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியவர்களின் இலக்கியமும், மணல்மேட்டில் கூடாரம் அடித்தவர்களின் சினிமாவும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆனாலும் நம் பக்கத்து மக்கள் ஹொலிவூட்டின் அரபுக் கனவை வெறுக்கவில்லை, விரும்பினார்கள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. 1924இல் டக்ளஸ் ஃபெயர்பாங்ஸ் நடித்து ராவுல் வோல்ஷ் இயக்கிய 'த தீஃப் ஒஃப் பாக்தாத்' வந்தது. பத்து இலட்சம் டொலருக்கு மேல் செலவு. ஏக்கர் கணக்கான இடத்தில் மாடங்களும் கோபுரங்களும் எழுந்தன. கட்டடங்கள் மிதப்பதுபோலத் தெரிய வேண்டுமென்று தரையைக் கறுப்பாகப் பளபளக்கச் செய்தார்கள். பறக்கும் கம்பளம், சிறகுள்ள குதிரை, மாயத் தூளிலிருந்து எழும் படை எல்லாம் உண்டு. கதையில் ஒரு பள்ளிவாசலும் வருகிறது. அங்கே இமாமைப் பரிகசிக்கும் திருடன், பிற்பாடு அவரிடமே திரும்பி வந்து தலைகுனிகிறான். அந்தக் காட்சியில் அவமதிப்பு இல்லை. அந்தக் காலத்து ஹொலிவூட்டில் அது அபூர்வம்.

1927இல் பிரித்தானிய இந்திய அரசு, அமெரிக்கப் படங்கள் இந்தியாவில் ஆதிக்கம் செலுத்துகின்றன, வெள்ளையரின் மதிப்பைக் கெடுக்கின்றன என்ற கவலையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சென்னைச் சட்டத்தரணி திவான் பகதூர் ரி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சாட்சி கேட்டு 1928இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது: இந்தியாவில் அதுவரை மிக அதிகமாக விரும்பப்பட்ட படம் 'த தீஃப் ஒஃப் பாக்தாத்'. பிரித்தானியப் படங்களுக்குச் சலுகை கொடுக்கும் யோசனையையும் ரங்காச்சாரியார் குழு ஏற்கவில்லை.

நம் கரையில் பக்தாத் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முஹியித்தீன் ஆண்டகை. அவர்கள் பெயரில் மௌலூது ஓதிய வீடுகள், கந்தூரிகள், இவற்றுக்குள் வளர்ந்தவர்களுக்கு அந்த நகரம் ஒரு வலியுல்லாஹ் அடங்கியிருக்கும் மண். அதே வீடுகளின் இளந்தாரிகள்தான் 1960இல் வந்த 'பாக்தாத் திருடன்' படத்துக்கும் போனவர்கள். ஃபெயர்பாங்ஸின் துள்ளலும் வாள்வீச்சும் எம்.ஜி.ஆரின் உடம்புக்குள் குடியேறியிருந்தன. அதற்கு முன் 1955இல் 'குலேபகாவலி', 1956இல் மொடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இரண்டாவது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். தமிழ்ச் சினிமா முதன்முதலாக முழு வண்ணம் பூசிக்கொண்டபோது அது அணிந்தது அரபு உடை.

நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை முதலில் திரையில் இயக்கியவரும் ஓர் அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்தின் எல்லிஸ் டங்கன், லொஸ் ஏஞ்சல்ஸில் சினிமா படித்துவிட்டு, உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'பொன்முடி' என்று எடுத்தார். 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யின் கதாநாயகன் ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலைசெய்கிறான். எம்.ஜி.ஆருக்கு அதில் சிறு பொலிஸ் வேடம்.

எம்.ஜி.ஆரின் அரபு நாயகர்களில் ஒரு வேறுபாடு இருந்தது. அவர்கள் கடைசியில் ஐரோப்பியராக மாறவில்லை. அலிபாபா அலிபாபாவாகவே ஏழைகளுக்காக நின்றான். பின்வரிசையில் இருந்து விசில் அடித்த நம் வாப்பாமார் அதை உணர்ந்துதான் விரும்பினார்கள் என்று நான் நம்புகிறேன்.

இலங்கை என்ற பின்னணி

இந்தத் தீவில் சினிமா வளர்ந்த கதையில் முஸ்லிம்களும் தமிழர்களும் ஆரம்பத்திலேயே இருக்கிறார்கள். 1925இல் ரி.ஏ.ஜே. நூர்பாய் எடுத்த 'ராஜகீய விக்ரமய' இலங்கையில் தயாரான முதல் கதைப்படமாகச் சொல்லப்படுகிறது. அதன் பிரதிகள் தீயில் அழிந்தன. 1928இல் சிலோன் தியேட்டர்ஸை நிறுவியவர் சிற்றம்பலம் கார்டினர். 1947 ஜனவரியில் வந்த முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம். நாயகி ருக்மணி தேவியின் பிறப்புப் பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ்.

ஹொலிவூட்டுக்கோ இலங்கை ஓர் அழகான பின்திரை. 1953இல் 'எலிஃபண்ட் வோக்' படத்துக்கு வந்த விவியன் லீ மனநலம் குன்றித் திரும்பினார், எலிசபெத் டெய்லர் அவரிடத்தில் நடித்தார். கிதுல்கலையில் பாலம் கட்டி வெடிக்கவைத்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் பெற்றது. அதில் இலங்கை ஆறு தாய்லாந்து ஆறாக நடித்தது.

நம் கரைக்கு உலகத்தின் கமெராக்கள் பெருமளவில் வந்தது 2004 டிசெம்பரில். சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுதும் மையித்துகள் அடக்கப்பட்ட அந்த நாட்களில் எடுத்த படங்கள் உலகமெங்கும் போயின. உதவியும் வந்தது, அதற்கு நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் அந்தப் படங்களில் நம் உம்மாமார் அழுகிற முகங்களாக மட்டுமே இருந்தார்கள். மருதமுனைத் தறியில் சாரம் நெய்கிற கைகளோ, கரைவலை இழுக்கிறவர்களோ, நிக்காஹ் வீட்டுச் சிரிப்போ அந்தக் கமெராக்களுக்குத் தேவைப்படவில்லை. ஜாக் ஷாஹீன் என்ற லெபனான் வம்சாவளி அமெரிக்கப் பேராசிரியர் 900க்கும் மேற்பட்ட ஹொலிவூட் படங்களைப் பார்த்து, அரபுகள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று 2001இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஷேக், கொள்ளைக்காரன், ஆடலழகி, பிறகு குண்டு வைக்கிறவன். சாதாரணமாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அரபு மனிதர் மிக அரிது. அழுகிற முகம் மட்டுமாக நாம் எஞ்சுவதும் அதே நோயின் மென்மையான வடிவம்.

அலப்போவிலிருந்து போனவர்

ஹராமா ஹலாலா என்ற கேள்வியோடு சினிமா பற்றிய பேச்சு நம் ஊரில் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் சொல்லவில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டே ஹொலிவூட்டுக்குப் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சிரியாவின் அலப்போவில் பிறந்த முஸ்தஃபா அக்காட், சினிமா படிக்க லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் புறப்பட்டபோது தகப்பனார் அவர் கையில் 200 டொலரும் ஒரு குர்ஆனும் கொடுத்தனுப்பினார். 1976இல் அவர் எடுத்த 'த மெசேஜ்' நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தைச் சொல்கிறது. அவர்களின் உருவமும் குரலும் படத்தில் இல்லை. மார்க்கம் விதித்த அந்த எல்லையை அக்காட் தடையாக எண்ணிச் சலிக்கவில்லை. கமெராவை அவர்கள் நிற்கும் இடத்தில் வைத்தார். மற்றவர்கள் கமெராவை நோக்கிப் பேசுகிறார்கள், நாம் பார்க்கிறோம். ஒரே அரங்கில் ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் குழு, அரபுக்கு இன்னொரு குழு என்று இரண்டு படமாக எடுத்தார். ஆங்கிலத்தில் ஹம்ஸா (ரழி) அவர்களாக அந்தனி குவின், அரபியில் அப்துல்லா கைஸ். மொரோக்கோவில் படப்பிடிப்பு நிறுத்தப்பட்டபோது லிபியாவுக்குப் போய் முடித்தார். சினிமா வேண்டாமென்ற பல வீடுகளிலும் நோன்பு மாதத்தில் பார்க்கப்பட்ட படம் அது. ஸலாஹுத்தீன் ஐயூபியைப் படமாக்கும் ஆசையோடு இருந்த அக்காட், 2005 நவம்பரில் அம்மானில் ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகளோடு கொல்லப்பட்டார். முஸ்லிம்களைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல உழைத்தவரை, இஸ்லாத்தின் பெயரைச் சொன்ன கொலைகாரர்களே கொன்றார்கள்.

இன்று கல்முனையில் கைபேசியில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எடுப்பதில் பாதி தென்னிந்தியப் படங்களின் நகலாக இருக்கிறது, அதில் தவறில்லை, எம்.ஜி.ஆரிலும் ஃபெயர்பாங்ஸின் சாயல் இருந்தது. ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நம் பாடசாலைகளில் சித்திரம் இருக்கிறது, நாடகம் இருக்கிறது. திரைக்கதை எழுத, ஒளியை அமைக்க, வெட்டித் தொகுக்கக் கற்றுத்தர ஓர் ஏற்பாடு வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதற்குப் பொருத்தமான இடம். உலமாக்களையும் அழைத்து, எதைக் காட்டலாம், எப்படிக் காட்டலாம் என்று அக்காட் தன் காலத்து அறிஞர்களோடு பேசியதுபோல உட்கார்ந்து பேச வேண்டும். முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் 'அசன்பேயுடைய கதை'யைக் கொடுத்து, அதிலிருந்து ஒரேயொரு காட்சியைத் திரைக்கு எழுதிவரச் சொல்லலாம்.